முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்: அப்பத்தாவின் படம்

கத்துக்குட்டி — ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கேமரா கைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒருவர் உபயோகித்துக் கொடுத்த பழைய கேமரா. அதோடு வந்த 18-55 லென்ஸ் ஒன்றும், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் படம் எடுக்க முடிகிறது.

இணைத்திருப்பது என் அப்பத்தா. வயது 78, சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தேன். 50 எம்எம், லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து எஃப் 1.8, 1/60 நொடி, கேமராவின் ஒளியுணர்வை உயர்த்தி ஐஎஸ்ஓ 1600. முகம் இருட்டாக வந்திருந்தது. கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டி, தோலைக் கொஞ்சம் சரிசெய்து, இறுக்கமாக இருக்கட்டும் என்று ஓரங்களை வெட்டினேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஆளாளுக்குக் கைதட்டிவிட்டார்கள். சித்தப்பா ஃப்ரேம் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஆனால் அப்பத்தாவிடம் காட்டியபோது அவர் ஒரு நிமிடம் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார், அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. என்ன குறை என்று முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

சும்மா_பார்ப்பவன் — ஞாயிறு, இரவு 9.52

என்ன குறை? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் பாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. அருமை, தொடர்ந்து எடுங்கள்.

எண்பத்தைந்து — ஞாயிறு, இரவு 10.05

உருவப்படத்துக்கு 85 எம்எம் வாங்கிவிடுங்கள். 50 எல்லாம் போதாது.

இருட்டறை — ஞாயிறு, இரவு 11.20

கேட்டீர்கள், சொல்கிறேன்.

படத்தில் கூர்மையாக இருப்பது மூக்கு நுனி ஒன்றுதான். கண் இரண்டும் மசமசவென்று கிடக்கின்றன. கண்ணுக்குள் ஒளிப்புள்ளி இல்லை. மேலிருந்து விழும் டியூப் லைட்டில் புருவத்து நிழல் இரண்டு குழிகளாக இறங்கியிருக்கிறது. இரண்டு காதுகளையும் வெட்டிவிட்டீர்கள். தலைக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியின் மூலை கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை அகற்றியிருக்க வேண்டும்.

இவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். எனக்குப் பொறுக்காதது தோல். தேய்த்துத் தேய்த்து அரிசி மாவு பூசியது போல் ஆக்கிவைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து வெயிலில் 78 வருடம் வாழ்ந்த மனுஷிக்கு நெற்றியில் ஒரு கோடு இல்லை, கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். யாருடைய அப்பத்தா இவர்? உங்களுடையவர் இல்லை.

சும்மா_பார்ப்பவன் — ஞாயிறு, இரவு 11.31

ஐயா, ஐந்து மாதமாகக் கற்றுக்கொள்கிற பிள்ளையிடம் இப்படியா பேசுவது? நாளைக்கே கேமராவை விற்றுவிட்டுப் போய்விடுவார். குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது.

இருட்டறை — ஞாயிறு, இரவு 11.38

முகதாட்சண்யம் வேண்டாம் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். நான் படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

மஞ்சள்வெயில் — திங்கள், காலை 6.15

இருவருமே கொஞ்சம் பொறுங்கள். நான் பதினோரு வருடமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். திருமண ஆல்பத்தை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கும்போது வருகிற பாராட்டு எனக்குப் பழகிப்போன ஒன்று. "அட, அத்தை எவ்வளவு அழகாக இருக்கிறார்!" என்பார்கள். அத்தை அழகு. அதில் என் பங்கு என்ன என்பதை அந்த வார்த்தையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கத்துக்குட்டி, உங்கள் குடும்பக் குழுவில் கிடைத்த கைதட்டலும் அப்பத்தா மேல் இருக்கிற பாசம்தான். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துப் படத்தை எடைபோடாதீர்கள்.

இருட்டறை ஐயா என்ன என்ன தப்பு என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படி ஆயிற்று என்று நான் சொல்கிறேன்.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டால் அது பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடிக்கும். முகத்தில் அருகில் இருப்பது மூக்கு. உங்கள் கேமராவில் 50 எம்எம்மை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவு. உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டால் அதற்கே கண் வெளியே போய்விடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்துப் பாருங்கள், அதே கணக்கு 14 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். மூக்கிலிருந்து காது வரை அடங்கும். ஒற்றைப் புள்ளியை வைத்து, உங்களுக்கு அருகில் இருக்கிற கண்ணின் மேல் நிறுத்துங்கள்.

எஃப் 1.8 என்று லென்ஸின் மேல் எழுதியிருக்கிறது என்பதற்காக அதிலேயே எடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் முதல் வருடம் இந்த மயக்கம் வரும். எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

தோல் விஷயம் நீங்கள் வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பத்தா கட்டியிருப்பது வெள்ளைப் புடவை. ஃப்ரேமில் பாதி வெள்ளை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டுவரப் பார்க்கும். இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. புடவை சாம்பலாயிற்று, முகம் கரியாயிற்று. பிறகு நீங்கள் முகத்தைத் தூக்கினீர்கள். தூக்கியதில் ஐஎஸ்ஓ 1600-இன் புள்ளிகள் எல்லாம் மேலே வந்தன. அதை மறைக்கத் தேய்த்தீர்கள். தேய்த்ததில் கோடுகளும் போய்விட்டன. சரிதானா?

கத்துக்குட்டி — புதன், இரவு 10.10

பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு இரவு இருட்டறை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நீளமான பதில் எழுதினேன். அதில் நியாயம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருந்தது. அனுப்பாமல் அழித்துவிட்டேன். கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விற்கிற எண்ணமும் வந்தது.

மஞ்சள்வெயில் அக்கா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது போல் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அப்படியேதான் நடந்தது. ஆனால் ஒரு இடத்தில் என்னைத் தப்பவிட்டுவிட்டீர்கள். புள்ளிகளை மறைக்கத் தேய்த்தேன் என்பது பாதி. அது மறைந்த பிறகும் நிறுத்தவில்லை. தோலை வெளுப்பாக்குகிற ஒரு அளவுகோல் அந்த ஆப்பில் இருக்கிறது, அதை நான்தான் நகர்த்தினேன். யாரும் சொல்லவில்லை. அழகாக்குவது என்றால் அதுதான் என்று கை தானாகப் போயிற்று. எங்கள் வீட்டில் நானும் அப்பத்தாவும் ஒரே நிறம். சின்ன வயதில் எனக்கு அதற்காகப் பவுடர் பூசி அனுப்புவார்கள். நேற்று பழைய கோப்பைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐயா கேட்ட கேள்வி சரிதான்.

இன்னொன்று. நேற்று போனில் அப்பத்தாவிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும், "காது எங்கே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காலத்தில் தண்டட்டி என்கிற கனமான காது நகை போடக் காது வளர்த்தவர் அவர். இப்போது நகை இல்லை, காது மட்டும் தோளுக்குப் பக்கத்தில் தொங்கும். நான் ஓரத்தை வெட்டியபோது அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். வெட்டினோம் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

இருட்டறை — வியாழன், காலை 5.50

அம்மா, "உங்களுடையவர் இல்லை" என்று எழுதிய கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது படத்தைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. மற்றவை அப்படியே நிற்கும்.

நீங்கள் மனதைத் திறந்து எழுதியதால் நானும் ஒன்று சொல்கிறேன். 1987-இல் ஒரு சிறு ஊர் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கறுப்பு வெள்ளை இன்னும் முழுதாகப் போகாத காலம். பெண் பார்க்கும் படலத்துக்குப் படம் எடுக்க வருவார்கள். நெகட்டிவ் மேல் மெல்லிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறையும். டச்சிங் என்போம். பிரிண்ட் போடும்போது முகத்தின் மேல் கையை ஆட்டி நிழல் காட்டினால் மொத்த முகமும் ஒரு சுற்று வெளுத்துவிடும். எனக்கு அதில் கை நன்றாக ஓடும், முதலாளி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

ஒரு பெண்ணின் படத்தை அப்படிச் செய்து கொடுத்தேன். கன்னத்தில் ஒரு மச்சம், எடுத்துவிட்டேன். நிறத்தையும் இரண்டு சுற்று ஏற்றினேன். படத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். மறுவாரம் அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து படத்தை மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "என் மகளைத்தானே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். முதலாளி ஏதோ சமாதானம் சொன்னார். நான் இருட்டறைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் படங்களைக் குறை சொல்லியிருக்கிறார்கள். லைட் சரியில்லை, கோணம் சரியில்லை என்று. ஒன்றும் தைக்கவில்லை. அந்த அம்மாளுக்கு லைட்டும் தெரியாது, கோணமும் தெரியாது.

எண்பத்தைந்து — வியாழன், காலை 9.02

85 எம்எம் எஃப் 1.8 இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறது. யாராவது வாங்கினீர்களா? ஆட்டோ ஃபோகஸ் சத்தம் அதிகமா?

நெறியாளர் — வியாழன், காலை 9.30

லென்ஸ் விலை பற்றிய பதினான்கு பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அப்பத்தாவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மலைநாட்டான் — வியாழன், இரவு 8.45

நான் இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் குறையைக் கேட்டுத் திருந்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்காமல் போனவர் ஒருவரின் கதையைச் சொல்லவா?

ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில்தான், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. ஒரு படத்துக்கு எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இவர் எடுத்த முகங்கள் மங்கலாக இருக்கின்றன, தகட்டில் விரல் ரேகையும் கீறலும் இருக்கின்றன, ஃபோகஸ் செய்யவே தெரியவில்லை என்று அந்தக் காலத்து லண்டன் புகைப்பட இதழ்கள் திட்டித் தீர்த்தன. இன்றைக்கு உருவப்படக் கலையின் முன்னோடிகளில் அவரைச் சேர்க்காமல் யாரும் வரலாறு எழுதுவதில்லை. திட்டியவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-இல் இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்துக் கல்லறையில்தான் கிடக்கிறார், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்தப் படங்களில் நிற்கிறவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதுதான் எப்போதும் உறுத்தும். ஆனால் அது வேறு பேச்சு.

கத்துக்குட்டி, மங்கல் என்பது குற்றம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சும்மா_பார்ப்பவன் — வியாழன், இரவு 8.58

இதைத்தான் நான் முதல் நாளே சொல்ல நினைத்தேன்!

மஞ்சள்வெயில் — வியாழன், இரவு 10.20

மலைநாட்டான் அண்ணா, கேமரூன் எனக்கும் பிடித்தவர். ஆனால் கதையின் மற்றொரு பாதியையும் சொல்ல வேண்டும். ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே வந்து, தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதாகவும், அதற்கு மேல் கூர்மை தேடித் திருப்பவில்லை என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். பார்த்து, தேர்ந்து, நிறுத்தினார். கத்துக்குட்டியின் படத்தில் கேமராதான் மூக்கைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு மங்கலும் ஒன்றாகிவிடுமா?

அவர் யார் சொல்லையும் கேட்கவில்லை என்பதும் சரியில்லை. ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸுக்குத் தன் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். குறையோடு வந்த பிரதிகளைக்கூட அனுப்பினார். வாட்ஸும் நைசாக எழுதிக்கொண்டிருக்கவில்லை, எங்கே சரியில்லை என்று எழுதினார். இதழ்களை ஒதுக்கினார், வாட்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். யாருடைய குறையை எடுத்துக்கொள்வது என்பதில் அவர் கறாராக இருந்தார் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

மலைநாட்டான் — வெள்ளி, காலை 7.05

வாட்ஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. மங்கலைப் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கத்துக்குட்டி — வெள்ளி, இரவு 9.15

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊருக்குப் போகிறேன். ஒரு சந்தேகம். புடவை வெள்ளை, முகம் கறுப்பு. இரண்டையும் ஒரே படத்தில் எப்படிச் சரியாக எடுப்பது? வெள்ளைக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும் என்று படிக்கிறேன். தலை சுற்றுகிறது.

மஞ்சள்வெயில் — வெள்ளி, இரவு 9.50

நீங்கள் படித்தது இரண்டும் சரி. மீட்டருக்குப் புடவையும் தெரியாது, அப்பத்தாவும் தெரியாது. எல்லாம் அதற்குச் சாம்பல்தான். வெள்ளையைப் பார்த்தால் இருட்டாக்கும், கறுப்பைப் பார்த்தால் வெளுக்க வைக்கும். அதனால் புடவையை மறந்துவிடுங்கள். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரிங் வைத்து, வெளிச்சம் விழுகிற கன்னத்தைப் பாருங்கள். அது காட்டுகிற அளவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அப்பத்தாவின் நிறம் அப்படியே நிற்கும். புடவை கொஞ்சம் அதிகமாக வெளுத்தால் கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா கோப்பில் எடுத்துக்கொண்டு பிறகு இறக்கலாம். கல்யாணத்தில் பட்டு வேட்டி மாப்பிள்ளைக்கு நான் தினமும் செய்கிற வேலை இது.

கேமராக்கள் இப்படிப் படுத்துவது இன்று நேற்று வந்ததில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு சோதனை அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்துவிட்டால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஆட்களின் தோல் எப்படி வந்தது என்று யார் பார்த்தார்கள்?

இருட்டறை — வெள்ளி, இரவு 10.30

வீட்டுக்குள் எடுக்காதீர்கள். காலையில் எட்டு மணிக்கு நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளி, வாசலைப் பார்த்து உட்காரவையுங்கள். நேர் வெயில் முகத்தில் விழக்கூடாது, வாசலில் கிடக்கிற வெளிச்சம் மட்டும் வர வேண்டும். பின்னால் வீடு தானாக இருட்டாகிவிடும். கண்ணில் வாசல் தெரியும். எந்த லைட்டும் வாங்க வேண்டாம். நீலச் சுவரை விட்டு அவரைத் தள்ளி உட்காரவையுங்கள், அந்தச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம்தான் போன படத்தில் ஒரு கன்னத்தைச் செத்த நிறமாக்கியது. முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள், பேசிக்கொண்டிருங்கள். பெட்டியை மறக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

கத்துக்குட்டி — ஞாயிறு, இரவு 10.45

போய் வந்துவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை வெட்டவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் சரிசெய்தேன்.

61 படம் எடுத்தேன். அதில் கண் கூர்மையாக விழுந்தவை ஒன்பது. கேமராவை முகத்துக்கு நேரே தூக்கியதும் அப்பத்தா அடையாள அட்டைக்கு உட்காருவது போல் விறைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த வாத்தியாரைப் பற்றிப் பேச்சு எடுத்தேன், அவரைத் திட்ட ஆரம்பித்ததும் தோள் இறங்கியது. திட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்ததுதான் இந்தப் படம்.

இருட்டறை ஐயா, நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. பெட்டியை எடுக்கவில்லை. எடுக்கப் போனேன், அப்பத்தா கையைத் தட்டிவிட்டார். கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது, அது இல்லாமல் தன்னை எதற்கு எடுக்க வேண்டும் என்கிறார். முன்பு தலைக்கு மேல் கொம்பு போல் தெரிந்ததால் இப்போது நான் இடது பக்கம் நகர்ந்து, அவருடைய தோளுக்குப் பக்கத்தில் வரும்படி வைத்தேன். குறையாகத் தெரிந்தால் சொல்லுங்கள், ஆனால் பெட்டி இருக்கும்.

படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். காதை விரலால் தொட்டார், போன் அதைத் தட்டியதாக நினைத்துப் படத்தைப் பெரிதாக்கிவிட்டது, பயந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உன் சித்தப்பா மாட்டுவதானால் இதை மாட்டச் சொல். அந்த மாவு முகத்தை அழித்துவிடு." நான் சித்தப்பாவுக்குப் போன் போடப் போனேன். "இப்போதே மாட்டிவிடாதே, இன்னும் இருக்கிறேன்" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. ஃப்ரேம் போடலாம் என்ற பேச்சு எதற்காக என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

சும்மா_பார்ப்பவன் — ஞாயிறு, இரவு 10.58

போன வாரப் படத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னவன் நான். ஒன்றும் பேசாமல் போகிறேன்.

மலைநாட்டான் — ஞாயிறு, இரவு 11.10

அப்பத்தாவின் பெயரைப் படத்துக்குப் பின்னால் எழுதி வையுங்கள். இங்கே வேண்டாம், படத்துக்குப் பின்னால். ஊர், வருடம் எல்லாம்.

எண்பத்தைந்து — ஞாயிறு, இரவு 11.15

இது 50-இல் எடுத்ததா?

இருட்டறை — திங்கள், காலை 5.40

பெட்டி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இடம் மாறியதும் அது உறுத்தவில்லை, துணைக்கு உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. என் காலத்தில் பின்னால் எதுவும் இருக்கக்கூடாது என்று திரை கட்டி எடுத்தே பழகியவன், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

கண் நன்றாக இருக்கிறது. இரண்டு கண்ணிலும் வாசல் தெரிகிறது. தோல் தோலாக இருக்கிறது. காது இருக்கிறது.

வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. ஓரத்தை வெட்டவில்லை என்கிறீர்கள், அப்படியானால் எடுக்கும்போதே போயிருக்கிறது. முகத்தையே பார்த்துக்கொண்டு ஃப்ரேமின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். முழங்கை வரை காட்டுங்கள், இல்லையென்றால் விரல் நுனி வரை காட்டுங்கள். மூட்டில் வெட்டினால் கை ஒடிந்தது போல் இருக்கும். மேல்கை திரும்பியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அந்தக் கை சும்மா கிடக்கவில்லை. என்ன செய்துகொண்டிருந்தது?

கத்துக்குட்டி — திங்கள், இரவு 9.20

61 படத்தையும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன் ஐயா. ஆறு படத்தில் கை முழுதாக இருக்கிறது, ஆறிலும் கண் ஃபோகஸில் இல்லை.

முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டிச் சாவி அதில்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு போகிறேன், கொட்டைப்பாக்கு வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.